மைதானத்துக்கு வராத மெட்டு

எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை வருஷா வருஷம் விடாமல் பார்க்கிறவன் நான். இங்கிலாந்தின் பழைய ஃபுட்பால் கோப்பை, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடக்கும். சில வருஷங்களுக்கு முன்னால், லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தபோது, ராத்திரி லேப்டாப்பில் கொஞ்சம் சத்தமாகவே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடும். பாட்டு இரண்டு வரி தாண்டியிருக்காது. அடுப்படியில் இருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா எறந்து போயிட்டா? சாவுப் பாட்டு கேக்கு?"

அம்மா நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல்படி தாண்டாதவள். ஆனால் முப்பது வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். கூட வேலை பார்த்தவர்கள் வீட்டில் ஒரு சாவு என்றால் அடக்க ஆராதனைக்குப் போயே ஆகவேண்டும். அங்கே கல்லறைத் தோட்டத்தில் கேட்ட மெட்டு அது. வார்த்தை தமிழாக இருந்திருக்கும், மெட்டு அதே மெட்டுதான். ஃபுட்பால் ஆட்டம் என்று சொன்னதும் அவள் நம்பவில்லை. "பந்து விளையாடுற எடத்துல இத எதுக்குப் பாடுதானுவ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நியாயமான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தால் கூடவே இன்னொரு கேள்வியும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பாட்டு அங்கே எப்படி மைதானத்துக்கு வந்தது என்பது முதல் கேள்வி. அதே பாட்டு நம்ம ஊருக்கும் வந்தது, பந்தும் வந்தது, இரண்டையும் கொண்டுவந்தவர்கள் ஒரே ஆட்கள். அப்படியிருந்தும் இங்கே இரண்டும் ஏன் ஒன்று சேரவே இல்லை என்பது இரண்டாவது.

முதலில் அந்தப் பாட்டு. பெயர் 'அபைட் வித் மீ'. எழுதியவர் ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலிகன் பாதிரியார். பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரில் ஊழியம் பார்த்தவர், 1847-ல் இறந்துபோனார். இன்று எல்லோரும் பாடுகிற மெட்டு 1861-ல் வில்லியம் ஹென்றி மங்க் போட்டது. காந்திக்குப் பிடித்த பாட்டு என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். டெல்லியில் குடியரசு தின விழாக்களின் முடிவில், ஜனவரி 29 அன்று நடக்கும் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் ராணுவ பேண்டு பல வருஷம் இதை வாசித்தது. 2022-ல்தான் எடுத்தார்கள். எடுத்தது சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒரு மெட்டு சாவு வீட்டுக்கும் ராணுவத்துக்கும் ஃபுட்பாலுக்கும் ஒரே சமயத்தில் பொருந்துகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

வெம்ப்ளிக்கு அது வந்தது 1927-ல். அந்த வருஷம் கார்டிஃப் அணியும் ஆர்சனலும் மோதின. கார்டிஃப் 1-0 என்று ஜெயித்துக் கோப்பையை வேல்ஸுக்குக் கொண்டுபோனது. பி.பி.சி. வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான முதல் இறுதி ஆட்டமும் அதுதான். அப்போது 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகை ஊர் ஊராகப் பொதுமக்களைத் திரட்டிச் சேர்ந்து பாடவைக்கும் ஒரு இயக்கம் நடத்திக்கொண்டிருந்தது. பத்திரிகை விற்பனைக்கான உத்தியும்தான் அது. அந்தச் சேர்ந்திசையை வெம்ப்ளிக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு ஜாலியான நாட்டியப் பாட்டுதான் முதலில் பட்டியலில் இருந்தது, கால்பந்துச் சங்கச் செயலாளர் ஃபிரெடரிக் வால் அதைத் தட்டிவிட்டு இந்த வேதப் பாட்டைச் சேர்த்தார் என்று சொல்வார்கள். ஆக, அம்மா கேட்டதற்குச் சுருக்கமான பதில்: ஒரு பத்திரிகையும் ஒரு அதிகாரியும் சேர்ந்து செய்த ஏற்பாடு. மக்கள் தானாகப் பொங்கிப் பாடியது என்று நாம் நினைத்துக்கொள்கிற பலதும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

ஆனால் ஏற்பாடு செய்தால் மட்டும் பாட்டு நிற்காது. கூட்டத்துக்கு அது முன்பே தெரிந்திருக்கவேண்டும். தெரிந்திருந்தது. காரணம், ஃபுட்பாலே பாதி சர்ச் வீட்டுப் பிள்ளை. எவர்ட்டன் அணி செயின்ட் டொமிங்கோ மெதடிஸ்ட் சபையில் 1878-ல் பிறந்தது. ஆஸ்டன் வில்லா 1874-ல் ஒரு வெஸ்லியன் சபை வாலிபர்கள் தொடங்கியது. மான்செஸ்டர் சிட்டிக்கு மூலம் செயின்ட் மார்க்ஸ் சர்ச். ஃபுல்ஹாம் ஒரு ஞாயிறு பள்ளியில் இருந்து வந்தது. சவுத்தாம்ப்டன் செயின்ட் மேரீஸ் சர்ச் வாலிபர் சங்கம், அதனால்தான் இன்றுவரை அவர்களுக்குப் 'புனிதர்கள்' என்று பட்டப்பெயர். உடம்பை உறுதியாக வைத்திருப்பதும் பக்தியில் ஒரு பகுதி என்று விக்டோரியா காலத்துப் பாதிரிமார்கள் நம்பினார்கள். பையன்களைச் சாராயக்கடையில் இருந்து இழுத்துவர பந்து ஒரு நல்ல கருவியாகவும் இருந்தது.

அதனால் மெட்டுகளும் சுலபமாகச் சுவர் ஏறிக் குதித்தன. அமெரிக்காவில் 1850-களில் கூடார எழுப்புதல் கூட்டங்களில் பாடிய ஒரு மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் அதில் ஜான் பிரவுனைப் பற்றிப் பாடினார்கள். 1861-ல் ஜூலியா வார்ட் ஹோ அதே மெட்டுக்குப் போர்ப் பாட்டு எழுதினார். நூறு வருஷம் கழித்து டாட்டன்ஹாம் ரசிகர்கள் அதில் தங்கள் அணியின் பெயரைச் சொருகினார்கள். அப்புறம் லீட்ஸ், மான்செஸ்டர் யுனைடெட் என்று போய்க்கொண்டே இருக்கிறது. வேல்ஸில் ஜான் ஹியூஸ் 1907-ல் ஒரு சிறிய சிற்றாலயத்துக்காகப் போட்ட 'கும் ரொண்டா' மெட்டும் அப்படித்தான். இன்று ரக்பியிலும் ஃபுட்பாலிலும் எதிரணியைக் கிண்டல் பண்ணுகிற வார்த்தைகள் அதில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் தொழிலில் ஓப்பன் சோர்ஸ் என்போமே, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம், அதே கதைதான்.

சரி, இப்போது தாமிரபரணிக் கரைக்கு வருவோம்.

சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிகன் மிஷன் சங்கத்தின் சார்பில் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-ல். பிறப்பால் ஜெர்மானியர். முருகன்குறிச்சியில் இன்று ஊசிக் கோபுரம் என்று நாம் சொல்கிற திரித்துவப் பேராலயத்தின் ஆரம்பம் 1826. அடுத்த நூறு வருஷத்தில் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் வரிசையாக வந்தன. தூய யோவான் கல்லூரி 1878, கத்தோலிக்க இயேசு சபையாரின் தூய சவேரியார் கல்லூரி 1923. தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்ற பட்டத்தை எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் நினைவுபடுத்துவார்கள், நானும் அதில் சளைத்தவன் இல்லை.

இந்தச் சபைகளில் பாட்டு இரண்டு வகை. ஒன்று கீர்த்தனை: நம்ம ராகம், நம்ம தாளம். திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து தஞ்சாவூர் போய் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் அதில் பெரிய ஆட்கள். இன்னொன்று பாமாலை: மேல்நாட்டு மெட்டு, தமிழ் வார்த்தை. 'அபைட் வித் மீ' பாமாலையில் இருக்கிறது. ஆர்கன் வாசிக்க, ஐந்நூறு அறுநூறு பேர் நின்றுகொண்டு, புத்தகம் பார்க்காமலேயே நாலு சரணமும் பாடுவார்கள். ஒரு ஊர்க் கூட்டம் ஒரே குரலில், ஒரே சுருதியில், நீளமான பாட்டை மனப்பாடமாகப் பாடுவது தமிழ்நாட்டில் வேறெங்கும் அவ்வளவு எளிதில் கேட்கக் கிடைக்காது. வெம்ப்ளிக்குத் தேவைப்பட்டது இந்தத் திறமைதானே?

பந்தும் மிஷன் வழியாகப் பல ஊருக்கு வந்தது. அதில் நன்றாகப் பதிவான கதை காஷ்மீரத்தில் இருக்கிறது. அதே சி.எம்.எஸ்., ஸ்ரீநகர் பள்ளிக்கூடம், 1891. டின்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்து காட்டினார். பண்டித வீட்டுப் பையன்கள் தோல் தீட்டு என்று தொட மறுத்துவிட்டார்கள். வாத்தியார்கள் கம்பை வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டில் நின்று ஆடவைத்தார்கள். ஒரு பையன் முகத்தில் பந்து பட்டுவிட, அவன் அழ, ஆட்டம் நின்றது. பிஸ்கோ அவனைத் தண்ணீரில் கழுவிக் கூட்டிவரச் சொல்லி மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினாராம். அந்தப் பையன் இடத்தில் நின்று பார்த்தால் இது வீரக்கதையா கொடுமையா என்று சொல்வது கஷ்டம்.

நான் படித்த மிஷன் பள்ளியில் சேப்பலுக்கும் கோல் போஸ்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான் இருந்தது. காலையில் அசெம்பிளியில் பாமாலை பாடுவோம், சாமி கும்பிடுகிற வீட்டுப் பையன், தொழுகைக்குப் போகிற வீட்டுப் பையன் எல்லோரும் சேர்ந்து. சாயங்காலம் அதே ஆட்கள் அந்த வேப்பமரத்தைத் தாண்டிப் போய்ப் பந்து விளையாடுவோம். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு பாமாலை மெட்டு அந்த மரத்தைத் தாண்டி வரவில்லை. கிண்டலுக்குக்கூட வரவில்லை. அப்போது இது விசித்திரமாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

என் முதல் ஊகம் இது: நம்ம ஊரில் கூட்டம் சேர்ந்து குரல் கொடுப்பது பெரும்பாலும் கைக்கு வேலை இருக்கும்போதுதான். ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் நகர வேண்டும் என்றால் வடம் பிடித்திருக்கிற ஆயிரக்கணக்கான கை ஒரே நொடியில் இழுக்கவேண்டும். ஒருவர் முழக்கத்தை எடுத்துக்கொடுக்க, கூட்டம் பதில் சொல்ல, அந்தப் பதிலோடு சேர்த்து ஒரு இழுப்பு. உவரி, மணப்பாடு பக்கம் கரைவலை இழுக்கிற அம்பாப் பாட்டுக்கும் இதுதான் வேலை. ஆற்றுப் பாசன வயலில் நடவுப் பாட்டும் அப்படித்தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய காவடிச் சிந்துகூட, கழுகுமலைக்குக் காவடி தூக்கிப் போகிறவர்களின் காலடிக்கு ஏற்ற சந்தம். இழுக்க, நட, நடக்கப் பாட்டு இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு பிறர் ஆடுவதைப் பார்ப்பதற்குப் பாட்டு வைத்திருக்கவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுதும் ஒத்துவரவில்லை. சர்ச்சில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுதானே பாடுகிறார்கள்? குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேஷம் வரும்போது பாதை ஓரம் நிற்கிறவனும்தான் சேர்ந்து முழங்குகிறான்.

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் பெருமாள்புரத்தில் இருக்கிறார். எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார், இன்றும் காலையில் வாக்கிங் போகும்போது கழுத்தில் விசில் தொங்கும். அவரிடம் போய்க் கேட்டேன்.

"சார், காலைல அசெம்பிளியில அவ்வளவு நல்லா பாடுன பசங்க, சாயங்காலம் மேட்சுல ஏன் சார் ஒரு பாட்டும் பாடல?"

"பாமாலையா? கிரவுண்டுலயா? ஏல, அது சாமி பாட்டுல்லா. பெனால்ட்டி வெளிய போச்சுன்னா உங்க வாயில என்ன வார்த்தை வரும்னு எனக்குத் தெரியாதா? அந்த வாயால அதயும் பாடுவியளோ?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "இன்னொண்ணும் கேட்டுக்க. நம்ம டீம்ல பதினோரு பேரு. நாலு பேரு வேதக்காரப் பய, மூணு பேரு மேலப்பாளையம், மிச்சம் நாலு உங்க ஆளுக. எந்தப் பாட்டப் பாடச் சொல்லுத? ஒண்ணு பாடுனா மத்தவன் வாய மூடிட்டு நிப்பான். பெறவு எதுக்கு?"

இந்தப் பதில்தான் என்னை உட்கார வைத்தது. இங்கிலாந்தில் வேதப் பாட்டு என்பது சர்ச்சுக்குப் போகிறவன், போகாதவன் இரண்டு பேருக்கும் பொதுச் சொத்தாக இருந்தது. ஆறு நாள் சாராயக்கடைக்குப் போகிறவனுக்கும் பள்ளிக்கூடத்தில் பாடிய மெட்டு மண்டையில் இருக்கும். அதைக் கெடுத்துப் பாடவும் அவனுக்கு உரிமை இருந்தது, ஏனென்றால் அது அவன் வீட்டுப் பாட்டு. இங்கே பாமாலை எல்லோருக்கும் தெரியும், ஆனால் எல்லோருக்கும் சொந்தமில்லை. எனக்கு அந்த மெட்டு அத்தனையும் மனப்பாடம். இருந்தாலும் அதில் கிண்டல் வார்த்தை போட்டுப் பாட நான் துணிந்திருக்க மாட்டேன். அது பக்கத்து பெஞ்சுப் பையனுடையது.

மைதானத்தில் எதைக் கத்துகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டி, எந்தக் கலர் எந்தச் சாதி என்று பார்த்த கண்ணுக்குத் தெரிகிற ஊர் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள்தான். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, பள்ளிகளில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிறு கையில் கட்டுவது, முழக்கம் வாயில் கட்டுவது. கபடியாகட்டும் ஃபுட்பாலாகட்டும், அணி ஜெயித்ததும் ஒரு தலைவர் பெயரைச் சொல்லி "வாழ்க" என்று ஒருவன் ஆரம்பித்தால் போதும். எதிர்ப்பக்கம் இன்னொரு பெயர் கிளம்பும். அப்புறம் பந்தை யார் பார்ப்பது? நான் பார்த்த ஒரு டோர்னமெண்டில் கமிட்டிக்காரர்கள் மைக்கில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: கை தட்டலாம், விசில் அடிக்கலாம், யார் பெயரும் சொல்லக்கூடாது.

இது நம்ம ஊருக்கு மட்டும் வாய்த்த வியாதி இல்லை. கிளாஸ்கோவில் செல்டிக் அணியை 1887-ல் ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளுக்கு உதவ ஒரு துறவி தொடங்கினார். ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்ட் பக்கத்து அணியாக ஆனது. இரண்டு பக்கப் பாட்டும் மதப் பகையைத் தூக்கிக்கொண்டு திரிய, ஸ்காட்லாந்து அரசு 2012-ல் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பாட்டுப் பாடினால் ஜெயில். சட்டம் சரிப்பட்டு வராமல் 2018-ல் ரத்தானது. கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் வென்றபோது அது ஒரு சமூகத்தின் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. அதற்கு முன், 1911-ல் மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வீழ்த்திக் கேடயம் வாங்கியபோது அது தேசத்தின் வெற்றியாக இருந்தது. (அந்த அணியில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்த ஒரே ஆள் சுதீர் சாட்டர்ஜி, கிறிஸ்தவர்.) அதே ஊர், அதே ஆட்டம், இருபத்தைந்து வருஷத்தில் 'நாம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் மாறிவிட்டது.

அப்படியென்றால் கலந்து நிற்கிற ஒரு கூட்டம் எதைத்தான் பாடும்? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் லிவர்பூல். ஐரிஷ் கத்தோலிக்கரும் ஆரஞ்சு புராட்டஸ்டன்ட்டுகளும் தெருத்தெருவாகப் பிரிந்து வாழ்ந்த துறைமுக ஊர். 1909-ல் பெரிய மதக் கலவரமே நடந்திருக்கிறது. அந்த ஊர் அணியின் பாட்டு இன்று உலகம் முழுக்கத் தெரிந்த 'யூ வில் நெவர் வாக் அலோன்'. கேட்டால் சர்ச் பாட்டு மாதிரியே இருக்கும், ஆனால் சர்ச்சில் பிறந்ததில்லை. 1945-ல் நியூயார்க் நாடக மேடைக்கு ரோஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் எழுதிய 'கேரோசல்' நாடகப் பாட்டு. 1963-ல் ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் என்ற உள்ளூர்ப் பையன்கள் அதை ரெக்கார்டு போட, பட்டியலில் முதலிடம் வந்தது. ஆட்டத்துக்கு முன்பு ஆன்ஃபீல்டு மைதான ஒலிபெருக்கியில் அந்த வார ஹிட் பாட்டுகளைப் போடுவது வழக்கம். கூட்டம் சேர்ந்து பாடியது. பட்டியலில் இருந்து பாட்டு இறங்கியது, கூட்டம் விடவில்லை. கத்தோலிக்கப் பாட்டும் இல்லை, புராட்டஸ்டன்ட் பாட்டும் இல்லை. ரேடியோவில் வந்த பாட்டு. அது யாருக்கும் சொந்தமாக இல்லாததால்தான் எல்லோரும் எடுத்துக்கொள்ள முடிந்தது என்பது என் கணிப்பு.

வங்காளிகளின் ஃபுட்பால் பாட்டு எது என்று கேட்டால் அவர்களும் சினிமாவைத்தான் காட்டுவார்கள். 1971-ல் வந்த 'தன்யி மேயே' படத்தில் மன்னா டே பாடியது. மோகன் பகான்காரனும் ஈஸ்ட் பெங்கால்காரனும் இலிஷா இறாலா என்று அடித்துக்கொள்வார்கள், அந்தப் பாட்டுக்கு மட்டும் இரண்டு பேருமே தலையாட்டுவார்கள்.

வார்த்தையே இல்லாவிட்டால் இன்னும் வசதி. பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஜ் ரசிகர்கள் 2003-ல் மிலான் நகரத்துக்குப் போன இடத்தில் 'செவன் நேஷன் ஆர்மி' பாட்டின் கிட்டார் மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 2006 உலகக்கோப்பையில் இத்தாலி அதைத் தனதாக்கிக்கொண்டது. ஓ ஓ என்று ஏழு சுரம், அவ்வளவுதான். 2016 யூரோ கோப்பையில் ஐஸ்லாந்து ரசிகர்கள் அடித்த கைதட்டலும் இந்த ரகம். அது சீக்கிரமே இந்திய மைதானங்களுக்கும் வந்துவிட்டது.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் சென்னையின் எஃப்.சி. ஆட்டங்களுக்கு நேரு ஸ்டேடியம் போவேன். 2014-ல் தொடங்கிய அணி, 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கியது. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்டு ப்ளூஸ் என்று ரசிகர் குழுக்கள் உண்டு. நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிட அவர்களைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு பையன் கம்பி மேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்கிறான். தொண்ணூறு நிமிஷமும் அவன் பந்தைப் பார்க்கப்போவதில்லை. ட்ரம் குத்து அடிக்கு மாறுகிறது. அவன் ஒரு வரி விடுகிறான், கூட்டம் அதைப் பிடித்துத் திருப்பி எறிகிறது. சினிமா மெட்டு, புது வார்த்தை. இங்கிலாந்து மாதிரி நீளமாக நாலு சரணம் பாடுவதெல்லாம் இல்லை.

முதலில் இதை ஐரோப்பாவைப் பார்த்துச் செய்கிற காப்பி என்றுதான் பக்கத்து சீட்டு நண்பன் சொன்னான். கம்பி மேல் ஏறி நிற்பது அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த எடுத்துக்கொடுப்பும் பதிலும் எனக்கு வேறொரு இடத்தில் கேட்ட சத்தம். கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குப் புரியும். அண்ணாவி ஒரு வரி பாட, குடமும் உடுக்கையும் தாளம் போட, பின்பாட்டுக்காரர் அந்த வரியின் வாலைப் பிடித்து இழுத்து "ஆமா" போட்டு முன்னால் தள்ளுவார். கட்சி ஊர்வலத்தில் கோஷம் போடுவதும் அந்த இலக்கணம்தான். நீளமான பாட்டை ஒரே குரலில் பாடும் வழக்கத்தை நம்ம கூட்டம் மைதானத்துக்குக் கொண்டுவரவில்லை. எடுத்துக்கொடுத்துத் திருப்பி வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டது.

பெண்கள் குரல் இதில் ரொம்பக் குறைவு என்பதையும் சொல்லவேண்டும். 2019-ல் வந்த 'பிகில்' பெண்கள் ஃபுட்பால் அணியைப் பற்றிய படம், பிகில் என்றால் விசில். ஆனால் கொடை விழாவில் முப்பது பெண்கள் சேர்ந்து குலவை போட்டால் எந்த விசிலும் பக்கத்தில் நிற்காது. அது இன்னும் எந்த மைதானத்திலும் என் காதில் விழவில்லை.

போன மே மாதம் பாளையங்கோட்டையில் ஒரு செவன்ஸ் டோர்னமெண்ட். பகல் வெயில் தாழ்ந்து ஃப்ளட் லைட் போட்டிருந்தார்கள். இடைவேளையில் ஸ்பீக்கரில் ஒரு குத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் லைன் மட்டும் போய்விட்டது. பாட்டு பாதியில் நின்றது. ஒரு நொடிதான் அமைதி. அப்புறம் டச் லைன் ஓரம் உட்கார்ந்திருந்த சின்னப் பையன்கள் விட்ட இடத்தில் இருந்து பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டினான். இரண்டாவது பாதியில் உள்ளூர் கீப்பர் ஒரு பெனால்ட்டியைத் தடுத்தான். அதே மெட்டில் கதாநாயகன் பெயர் இருந்த இடத்தில் அவன் ஜெர்ஸி நம்பரைப் போட்டுப் பாட ஆரம்பித்தார்கள். அவன் பெயரைப் போடவில்லை. இருபத்திரண்டு என்ற சொல் தாளத்தில் கொஞ்சம் இடித்தது, அதை "இருவத்ரெண்டு" என்று சுருக்கிச் சரிபண்ணிக்கொண்டார்கள்.